டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடியே 91 டெஸ்ட்டா?

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுக்கு திண்டுக்கல் பக்கம். அம்மாவுக்கு 58 வயசு. ஆறு வருஷமா சுகர் இருக்கு, மெட்ஃபார்மின் 500 காலையும் ராத்திரியும், காலைல கூடவே ஒரு கிளிமிபிரைடு, அப்புறம் பிபி மாத்திரை ஒண்ணு. இத்தன நாளா தெருமுனை கிளினிக்லயே பாத்துட்டு இருந்தோம். மூணு மாசமா ரொம்ப அசதி, பாதம் எரியுதுங்கறாங்க, கை விரலும் முழங்காலும் வலி. அடுத்த வியாழக்கிழமை மதுரைல ஒரு சுகர் டாக்டர்கிட்ட முதல் தடவையா அப்பாயிண்ட்மெண்ட் வாங்கியிருக்கோம். ஃபோன்ல "பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க"ன்னாங்க, என்ன டெஸ்ட்னு சொல்லல. இங்க ஒரு லேப்ல 91 டெஸ்ட் பேக்கேஜ் 1,800 ரூபாய், வீட்டுக்கே வந்து எடுப்போம்ங்கறாங்க, அதுல வாதம், கேன்சர், வைட்டமின் எல்லாம் இருக்காம். எடுத்துடலாமா? மாத்திரை போட்டுட்டு எடுக்கணுமா, போடாமலா? எப்படியும் மதுரைல மறுபடி எல்லாத்தையும் எடுக்கச் சொல்வாங்களா? இன்னொண்ணு, அம்மா ஒரு வாரமா சோத்தையே தொடல, ராத்திரி ரெண்டு கோதுமை தோசையோட நிறுத்திக்கறாங்க. டெஸ்ட் நல்லா வரணுமாம், இல்லன்னா புது டாக்டர் திட்டுவாராம்.

பதில்: தங்கச்சி, நீங்க கடைசியா போட்டிருக்கற விஷயத்துக்குத்தான் நான் முதல்ல வரணும், ஏன்னா மத்ததெல்லாம் அடுத்த வாரம் வரைக்கும் தாங்கும், இது தாங்காது. அம்மாவை இன்னைக்கு ராத்திரியில இருந்து வழக்கமா சாப்பிடற மாதிரி சாப்பிடச் சொல்லுங்க. கிளிமிபிரைடுங்கறது, வயித்துக்குள்ள சாப்பாடு வந்திருக்கா இல்லையான்னு பாத்துட்டு வேலை செய்யற மாத்திரை இல்ல, போட்டாச்சுன்னா அது பாட்டுக்கு இன்சுலினை சுரக்க வெச்சுட்டே இருக்கும். சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சுட்டு மாத்திரையை மட்டும் முழுசாப் போட்டா ஒரு நாள் நடுராத்திரி வேர்த்து விறுவிறுத்து கை நடுங்க எழுந்து உக்காருவாங்க. 70க்குக் கீழ போற சுகர் 250 இருக்கற சுகரை விட அந்த நேரத்துக்கு ஆபத்து.

இந்த டெஸ்ட்டுக்கு முந்தின பத்தியம் இருக்கே, நான் லேப்ல உக்காந்திருக்கற இத்தன வருஷத்துல இதைப் பாக்காத வாரம் கிடையாது. வெறும் வயித்து சுகர் 104, சாப்பிட்டப்புறம் 138, அழகா இருக்கும், கூடவே ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், 9.2ன்னு எகிறி வரும். ரத்தச் சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோட இருக்கு, அத்தனை நாளும் ரத்தத்துல ஓடின சக்கரை அதோட ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கிட்டே வருது, அந்த ஒட்டினது எவ்வளவுங்கறதைத்தான் இந்த டெஸ்ட் அளக்குது. ஒரு வாரம் தோசை சாப்பிட்டு அதை ஏமாத்த முடியாது. ஆனா பத்தியத்தால ஒரு கெடுதல் உண்டு, டாக்டருக்கு ரெண்டு நம்பரும் ஒத்துப் போகாம, அம்மா வீட்ல நிஜமா எப்படி இருக்காங்கங்கற படம் கிடைக்காமப் போயிடும். வழக்கமா சாப்பிட்டு, வழக்கமா மாத்திரை போட்டு, அப்பவும் சுகர் எவ்வளவு இருக்குங்கறதுதான் அவருக்கு வேணும், மருந்தை ஏத்தறதா மாத்தறதாங்கறதை அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவார்.

இப்ப 91க்கு வருவோம். நானும் லேப் ஆளுதான், என் பொழப்பும் இதுலதான், ஆனாலும் சொல்றேன், அது 91 டெஸ்ட் இல்ல. ரத்த அணுக்கள் எண்ணிக்கைன்னு ஒரே டெஸ்ட் எடுத்தா மெஷின் இருபது இருபத்தஞ்சு வரி துப்பும், பேக்கேஜ்காரங்க அதை இருபத்தஞ்சு டெஸ்ட்னு எண்ணுவாங்க. கல்லீரல் டெஸ்ட் பத்து பன்னெண்டு வரி. கொலஸ்ட்ரால் எட்டு வரி, அதுல பாதி ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சோ வகுத்தோ கணக்குப் போட்டது. யூரின்ல நிறம், கலங்கல், காரமா அமிலமான்னு ஒவ்வொண்ணும் ஒரு டெஸ்ட்! இப்படியே கூட்டிக்கிட்டுப் போனா நிஜமா டெஸ்ட்னு சொல்ல ஒரு பன்னெண்டு பதினஞ்சு தேறும். ஒரு தடவை மெஷின்ல ட்யூப் ஏறிட்டா கூட நாலு டெஸ்ட் ஓட்டறதுக்கு லேப்புக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி, அதனாலதான் அந்த விலைக்குக் குடுக்க முடியுது. ஏமாத்துன்னு சொல்ல வரல, கடைசீல கல்யாண வீட்டு இலை மாதிரி, எல்லாம் பரிமாறிடுவாங்க, எது வேணும்னு நாமதான் பாக்கணும்.

சரி, காசு போனா போகுது, கூட எடுத்தா என்ன நஷ்டம்னு கேப்பீங்க. இங்கதான் பலருக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம் இருக்கு. ரிப்போர்ட்ல வலது பக்கம் நார்மல் அளவுன்னு போட்டிருப்போம்ல, அது எப்படி வந்ததுன்னா, நல்லா ஆரோக்கியமா இருக்கற நிறைய பேரை எடுத்து, அவங்க அளவை வரிசையா வெச்சு, நடுவுல வர 95 சதவீதத்தை நார்மல்னு வெச்சுக்கறது. அப்ப ஒரு வியாதியும் இல்லாத நூறு பேர்ல அஞ்சு பேர் வெளில நிப்பாங்க, அது கணக்குலயே இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத 20 டெஸ்ட் ஒரு ஆரோக்கியமான ஆளுக்கு எடுத்தா, ஒண்ணாவது தப்பா வர்றதுக்கு வாய்ப்பு 64 சதவீதம். அதாவது மூணு பேர்ல ரெண்டு பேர் ஒரு சிவப்பு எழுத்தோடதான் வீட்டுக்குப் போவாங்க. அப்புறம் அதை செல்போன்ல தேடுவீங்க, ராத்திரி தூக்கம் போகும், அதுக்கு ஒரு ஸ்கேன், அந்த ஸ்கேன்ல ஒரு சின்னக் கட்டி, அதுக்கு இன்னொரு டாக்டர்.

அந்த பேக்கேஜ்ல வாதம்னு போட்டிருக்கறது பெரும்பாலும் ஆர்ஏ ஃபேக்டர், முடக்குவாதத்துக்குப் பாக்கற டெஸ்ட். இது வாதமே இல்லாத நல்லா இருக்கற ஆளுங்கள்லயே நூத்துக்கு அஞ்சு பேருக்கு பாசிட்டிவ் வரும், வயசு ஏற ஏற இன்னும் ஜாஸ்தி. சில பேக்கேஜ்ல ஏஎன்ஏவும் சேத்து விக்கறாங்க, அது உடம்பு தன்னையே தாக்கற வகை நோய்க்குப் பாக்கற டெஸ்ட், 1997ல வந்த ஒரு ஆராய்ச்சில ஆரோக்கியமானவங்க ரத்தத்தை 80 மடங்கு நீர்த்துப் பாத்தப்பக்கூட 13 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் வந்துச்சு, 40 மடங்குல பாத்தா மூணுல ஒருத்தருக்கு. யோசிச்சுப் பாருங்க, அம்மாவுக்கு வெறும் வயசுத் தேய்மான வலியா இருந்து இது பாசிட்டிவ்னு வந்துட்டா, "முடக்குவாதமாம்"னு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சேதி போயிடும், அப்புறம் அதை அவங்க மனசுல இருந்து எடுக்கறது பெரும்பாடு. இந்த மூட்டு வலிக்கு டாக்டர் பண்ணப் போறது என்னன்னா அம்மா கையைப் பிடிச்சு ஒவ்வொரு கணுவா அமுக்கிப் பாப்பார். விரல் நுனிக் கணுவுல வலியா, விரல் உள்ளங்கையோட சேர்ற கணுவுல வலியான்னு பாப்பார், வீங்கி பஞ்சு மாதிரி இருக்கா, எலும்பு மாதிரி கெட்டியா இருக்கா, காலைல எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்குன்னு கேப்பார். பத்து நிமிஷத்துல விட்டுப் போகுதா, ஒரு மணி நேரம் ஆகுதாங்கறதே பாதி பதில். அதைப் பாத்துட்டு வாத டெஸ்ட் வேணும்னு அவர் எழுதினா அப்ப எடுக்கலாம், அப்ப அந்த பாசிட்டிவுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

கேன்சர்னு போட்டிருக்கறது சிஏ 125, சிஇஏ மாதிரி ஏதாவது இருக்கும். இவை கேன்சர் இருக்குன்னு ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்கு வைத்தியம் எப்படிப் போகுதுன்னு பாக்கறதுக்குத்தான் முக்கியமா உதவும். ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்குக் கேன்சர் தேடறதுக்கு இல்ல. சிஏ 125 மாதவிலக்கு நேரத்துல ஏறும், கர்ப்பத்துல ஏறும், எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு வெளில வளர்ற தொந்தரவு, இருந்தா ஏறும். சிஇஏ பீடி சிகரெட் குடிக்கறவங்களுக்கே கூட இருக்கும். இதெல்லாம் நார்மலா வந்துட்டா கேன்சர் இல்லன்னும் சொல்ல முடியாது, அதான் இதுல பெரிய வேடிக்கை. அம்மாவுக்குப் பண்ண வேண்டியது இதை விட கர்ப்பப்பை வாய் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும்தான், அது தனி விஷயம், இன்னொரு நாள் கேளுங்க எழுதறேன்.

அப்ப எதைத்தான் எடுக்கறது? முதல்ல மதுரைக்கு இன்னொரு ஃபோன் போடுங்க. "அம்மாவுக்கு ஆறு வருஷமா சுகர், முதல் தடவை வர்றோம், டாக்டர் வழக்கமா என்ன டெஸ்ட் கேப்பார், லிஸ்ட் வாட்ஸ்அப்ல அனுப்புங்க"ன்னு கேளுங்க. முக்கால்வாசி இடத்துல ரெடியாவே ஒரு லிஸ்ட் வெச்சிருப்பாங்க, அன்னைக்கு ஃபோன் எடுத்த பொண்ணு அவசரத்துல சொல்லாம விட்டிருப்பா. அது வரலைன்னா, உங்க லெட்டரை மட்டும் வெச்சு நான் எழுதறதா இருந்தா என்ன எழுதுவேன்னு சொல்றேன். வெறும் வயித்துலயும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் சுகர், ஹெச்பிஏ1சி. ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இது அசதிக்காகவும், ஹெச்பிஏ1சியை நம்பலாமான்னு பாக்கறதுக்காகவும். இரும்புச் சத்து கம்மியால ரத்தசோகை இருந்தா ஹெச்பிஏ1சி நிஜத்தை விடக் கொஞ்சம் கூடவே காட்டும், ரத்தம் ஏத்தியிருந்தாலோ நிறைய ரத்தம் போயிருந்தாலோ குறைச்சுக் காட்டும், ஹீமோகுளோபின் பாக்காம ஹெச்பிஏ1சியை மட்டும் பாக்கறது ஒத்தக் கண்ணால பாக்கற மாதிரி. கிட்னிக்கு கிரியாட்டினின், அதுல இருந்து கணக்குப் போடற ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற அளவு, மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கு இது கட்டாயம், ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ போனா அந்த மாத்திரையையே நிறுத்தணும். கூட யூரின்ல ஆல்புமின்ங்கற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், இதைப் பல பேர் விட்டுடறாங்க, கிரியாட்டினின் ஏறறதுக்கு வருஷக்கணக்கா முன்னாடியே கிட்னில கசிவு ஆரம்பிச்சிருக்கும், அதை இதுதான் காட்டும், 30க்கு மேல வந்தா கவனிக்கணும். ஆனா ஒரு தடவை வந்ததை வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல் இருந்தாலும் ஏறும், மூணு தடவைல ரெண்டு தடவை வரணும். கொலஸ்ட்ரால், கல்லீரல் என்சைம். அசதி இருக்கறதால தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் மட்டும், டி3 டி4 எல்லாம் அது தப்பா வந்தா அப்புறம் பாத்துக்கலாம்.

கடைசீல பி12. வைட்டமின் டெஸ்ட்டெல்லாம் வேண்டாம்னு சொல்வேன்னு நினைச்சிருப்பீங்க, இது மட்டும் வேணும். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 உடம்புல சேர்றது குறையும். பாதம் எரியறது சுகரால நரம்பு கெட்டதாவும் இருக்கலாம், பி12 இல்லாததாவும் இருக்கலாம், ரெண்டும் சேந்தும் இருக்கலாம், பி12ஆ இருந்தா அது சரி பண்ணக்கூடியது. ஒரு விஷயம் கேட்டுக்கங்க, அந்த தெருமுனை கிளினிக்ல அசதிக்குன்னு சிவப்பு கலர்ல ஒரு சத்து ஊசி போட்டாங்களான்னு. அதுல பி12 இருந்தா ரத்தத்துல அளவு எகிறிடும், நாங்க ரிப்போர்ட்ல 2000க்கு மேலன்னு எழுதுவோம், நரம்புக்குள்ள உண்மைல எவ்வளவு பஞ்சம்னு அப்புறம் கண்டுபிடிக்கறது கஷ்டம். இன்னும் போடலைன்னா ரத்தம் எடுக்கற வரைக்கும் போட வேண்டாம். போட்டாச்சுன்னா என்னைக்குப் போட்டாங்கன்னு தேதியைக் குறிச்சு வெச்சுக்கங்க, அவ்வளவுதான்.

காசு கஷ்டம்னா ஒரு வார்த்தை. சுகர், ரத்த அணு, கிரியாட்டினின் மாதிரி அடிப்படை டெஸ்ட்டெல்லாம் அரசு ஆஸ்பத்திரி ஓபில டாக்டர் எழுதினா காசில்லாமலே எடுக்கலாம், திண்டுக்கல்லயே இப்ப அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் பதிஞ்சா சுகர், பிபி மாத்திரையும் வீட்டுக்கே வருது. அந்த ரிப்போர்ட்டையும் மதுரைக்குக் கொண்டு போகலாம், ஒண்ணும் குறைஞ்சிடாது.

எடுக்கற நாள் பத்திக் கேட்டிருந்தீங்க. வியாழக்கிழமை டாக்டர்னா திங்களோ செவ்வாயோ காலைல எடுத்துடுங்க, பி12 மாதிரி சில டெஸ்ட்டை சின்ன லேப்காரங்க வெளியூருக்கு அனுப்புவாங்க, வர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். மதுரைலயே போய் எடுத்துக்கலாம்னு வெறும் வயித்தோட பஸ் ஏத்தாதீங்க, ஒன்றரை மணி நேரம் குலுங்கிப் போய், அங்க டோக்கன், வரிசை, மணி பத்தாகிடும், சுகர் மாத்திரை சாப்பிடற ஆளுக்கு அது ஆகாது.

முந்தின நாள் ராத்திரி எட்டு எட்டரைக்கு வழக்கமான சாப்பாடு, ராத்திரி மாத்திரை வழக்கம் போல. அதுக்கப்புறம் தண்ணி மட்டும். தண்ணி நல்லா குடிக்கலாம், குடிக்கணும், இல்லன்னா ஊசி போடறவர் நரம்பைத் தேடித் தேடிக் குத்துவார். எட்டு மணி நேரம் ஆனா போதும், பத்து மணி நேரம் இருந்தா நல்லது, பதினாலு பதினஞ்சு மணி நேரம் பட்டினி கிடந்தா இன்னும் நல்லா வரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ரொம்ப நேரம் பட்டினி கிடந்தா சில பேருக்கு ரத்தத்துல பிலிருபின்ங்கற மஞ்சள் பொருள் ஏறி, மஞ்சள் காமாலையோன்னு பயந்து எனக்கே ஃபோன் வரும், கில்பர்ட்னு ஒரு உடம்பு வாகு அது, வியாதியே இல்ல. காலைல சக்கரை போடாத காபி பரவாயில்லையான்னு எல்லா அம்மாவும் கேப்பாங்க. பரவாயில்லைதான், ஆனா அதுக்கப்புறம் எடுக்கற ரத்தத்துக்கு வெறும் வயித்து சுகர்னு பேர் இல்ல. பால்லயே சக்கரை இருக்கு. வரக்காபியும் வேண்டாம், வெத்தலை பாக்கும் வேண்டாம்.

மாத்திரை: பிபி மாத்திரையை வழக்கமான நேரத்துல தண்ணியோட போட்டுடலாம், டெஸ்ட்டுக்காக அதை நிறுத்தற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, அதனால டாக்டர்கிட்ட போறப்ப பிபி 170ன்னு நிக்கும். சுகர் மாத்திரை ரெண்டும் முதல் ரத்தம் எடுக்கற வரைக்கும் வேண்டாம். எடுத்ததும் மாத்திரையை எப்பவும் போடற மாதிரி போட்டு, எப்பவும் சாப்பிடற டிபனை, எப்பவும் சாப்பிடற அளவு சாப்பிடணும். நாலு இட்லி சாப்பிடறவங்க நாலு இட்லி. டெஸ்ட்டுக்காக ரெண்டாக் குறைக்கவும் வேண்டாம், லேப்காரங்க குடுக்கற குளுக்கோஸ் தண்ணி குடிக்கவும் வேண்டாம், அது சுகர் இருக்கா இல்லையான்னு தெரியாதவங்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு. ரெண்டு மணி நேரம்ங்கறது முதல் வாய் வெச்ச நேரத்துல இருந்து, கை கழுவின நேரத்துல இருந்து இல்ல. இந்த ஒரு விஷயத்துல எத்தனை ரிப்போர்ட் கெட்டுப் போகுதுன்னு எனக்குத்தான் தெரியும். நடுவுல டீ, பிஸ்கட், ஒரு வாழைப்பழம் எதுவும் கூடாது. இந்தக் காலை நேரத்துல எப்பவாவது அம்மாவுக்குப் படபடன்னு வந்து வேர்த்து கை நடுங்கினா டெஸ்ட் கிடக்குதுன்னு விட்டுட்டு உடனே சக்கரைத் தண்ணி குடுங்க. இன்சுலின் போடறவங்க யாராவது இதைப் படிச்சா, இந்தக் கணக்கு உங்களுக்கு இல்ல, உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் பட்டினி இருக்கணும்.

இன்னொரு மாத்திரை, இது அம்மா மாத்திரை டப்பால இருக்கான்னு பாருங்க. முடி கொட்டுதுன்னு கடைல வாங்கற பயோட்டின். அஞ்சு மில்லிகிராம், பத்து மில்லிகிராம்னு வருது. தைராய்டு டெஸ்ட் பண்ற சில மெஷின்கள் உள்ளுக்குள்ள பயோட்டினையே பசை மாதிரி வெச்சுத்தான் வேலை செய்யுது, ரத்தத்துல நிறைய பயோட்டின் மிதந்தா மெஷின் குழம்பிடும், தைராய்டு நல்லா இருக்கறவங்களுக்கு தைராய்டு அதிகமா சுரக்கற மாதிரி ரிப்போர்ட் வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017ல இதைப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. ரத்தம் எடுக்க ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க.

வீட்டுக்கு வந்து எடுக்கறதுல தப்பில்ல, ஆனா எப்படி எடுக்கறாங்கன்னு கொஞ்சம் கவனிங்க. சுகருக்கு சாம்பல் மூடி ட்யூப். அதுல ஃப்ளோரைடு இருக்கும். மத்த ட்யூப்ல வெச்சா ரத்த அணுக்கள் உக்காந்து அந்த சக்கரையைத் தின்னுட்டே இருக்கும், மணிக்கு அஞ்சுல இருந்து ஏழு சதவீதம் குறையும், மே மாச வெயில்ல பைக் டப்பாக்குள்ள பத்து வீடு சுத்திட்டுப் போனா கேக்கவே வேண்டாம். ஊதா மூடி ரத்த அணுவுக்கும் ஹெச்பிஏ1சிக்கும். மஞ்சளோ சிவப்போ மூடி கிட்னி, கொலஸ்ட்ரால், தைராய்டுக்கு. ட்யூப் மேல பேரும் வயசும் உங்க கண்ணு முன்னாடியே எழுதணும், "லேப்ல போய் ஒட்டிக்கறேன்"னா விடாதீங்க. அம்மா ரத்தம் ஜாஸ்தி எடுக்கறாங்கன்னு பயப்படுவாங்க, நாலு ட்யூப் சேத்து ரெண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, ஒரு தடவை மூடினா போதும், பம்ப் அடிச்சா பொட்டாசியம் ஏறும்.

பொட்டாசியம்னதும் ஞாபகம் வருது. ரொம்ப வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த ஒரு லேப்ல, பேர் வேண்டாம், நல்லா நடந்து வந்து ரத்தம் குடுத்துட்டுப் போன ஒரு பெரியவருக்கு பொட்டாசியம் 7க்கு மேல வந்துச்சு. அந்த அளவுல இதயம் நின்னு போகலாம். வீட்டுக்கு ஃபோன் போய், அவங்க அழுதுட்டு ஆட்டோ பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஐசியூல அட்மிட். நான் மத்தியானம் வந்து அதே ரிப்போர்ட்டைப் பாக்கறேன், கால்சியம் தரைமட்டத்துல கிடக்கு. அப்பவே புரிஞ்சுடுச்சு. மஞ்சள் மூடி ட்யூப்ல ரத்தம் பத்தலன்னு ஊதா மூடில இருந்து கொஞ்சம் ஊத்தியிருக்கான் பையன். ஊதா ட்யூப்ல இருக்கற மருந்துல பொட்டாசியம் உப்பு இருக்கு, அது கால்சியத்தை விழுங்கிடும். மறுபடி எடுத்தா பொட்டாசியம் 4.2, நார்மல். அந்தப் பெரியவர் அப்புறம் எங்க லேப் பக்கமே வரல, நான் அவரா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

இதுல இருந்தே உங்க இன்னொரு கேள்விக்கு வந்துடலாம், மதுரைல மறுபடி எடுப்பாங்களா. சிலதை எடுப்பாங்க, எல்லாத்தையும் எடுக்க வேண்டியதில்ல. அம்மாவைப் பாத்ததுக்கும் நம்பருக்கும் பொருந்தலன்னா, இல்ல அந்த லேப்பைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியலன்னா மறுபடி கேக்கறது நியாயம். ஒரு லேப்புக்கும் இன்னொரு லேப்புக்கும் மெஷினும் முறையும் வேற, கிரியாட்டினின் இங்க 1.1, அங்க 1.25ன்னு வரும், கிட்னி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க. அதனால இனிமே தொடர்ந்து பாக்கறதை ஒரே லேப்ல வெச்சுக்கறது நல்லது. மூணு நாள் முன்னாடி எடுத்த ஹெச்பிஏ1சியை அவங்க லேப்லதான் எடுக்கணும்னு சொன்னா மட்டும், "டாக்டர், இதுவே போதுமா, எதை மட்டும் திருப்பி எடுக்கணும்?"னு நேரா அவர்கிட்டயே கேளுங்க. கவுண்டர்ல கேக்காதீங்க. பல டாக்டர்கள் கேட்டா விட்டுடுவாங்க, கேக்கலன்னா அச்சடிச்ச லிஸ்ட் அப்படியே போயிடும்.

லேப் எப்படித் தேடறதுன்னா, ரிப்போர்ட் மேல என்ஏபிஎல், அதான் லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்கற அமைப்பு, அதோட முத்திரை இருக்கான்னு பாருங்க, ஐஎஸ்ஓ 15189ங்கற தரத்துக்கு அவங்களை வந்து சோதிச்சுட்டுப் போறாங்கன்னு அர்த்தம். அந்த முத்திரை சில டெஸ்ட்டுக்கு மட்டும் இருக்கும், எல்லாத்துக்கும் இருக்காது. முத்திரை இல்லாத சின்ன லேப்லாம் மோசம்னு இல்ல, எனக்குத் தெரிஞ்சு ஒரே ரூம்ல பிரமாதமா ஓட்டறவங்க இருக்காங்க. "வெளித் தரக்கட்டுப்பாடு எதுல சேந்திருக்கீங்க?"ன்னு கேளுங்க. வேலூர் சிஎம்சி அந்த மாதிரி ஒண்ணு நடத்தறாங்க, சோதனைக்குன்னு சாம்பிள் அனுப்புவாங்க, லேப் அதை டெஸ்ட் பண்ணி நம்பரைத் திருப்பி அனுப்பணும், நாடு முழுக்க இருக்கற மத்த லேப்களோட ஒப்பிட்டுப் பாத்து எங்க நிக்கறோம்னு சொல்வாங்க. கேட்டதும் அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டற லேப்ல நிம்மதியா கை நீட்டலாம்.

ரிப்போர்ட் வந்தப்புறம் நட்சத்திரம் போட்டிருக்கற ஒவ்வொண்ணையும் தேடிப் பாக்க வேண்டாம். ஆனா லேப்ல இருந்து அவங்களே ஃபோன் பண்ணிக் கூப்பிட்டா வியாழக்கிழமை வரைக்கும் உக்காந்திருக்காதீங்க, பக்கத்துல இருக்கற டாக்டரை அன்னைக்கே பாருங்க. சுகர் 400க்கு மேல, ஹீமோகுளோபின் 7க்குக் கீழ, பொட்டாசியம் 6க்கு மேல, இதெல்லாம் அந்த வகை. சிங்கப்பூர்ல இருக்கற சித்தி "எனக்கு சுகர் 7தான்"னு சொன்னாங்கன்னா அம்மா பொறாமைப்பட வேண்டாம், அங்க அளவு முறை வேற, 18ஆல பெருக்கணும், 126.

போறப்ப பழைய ரிப்போர்ட்டெல்லாம் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டுப் போங்க, ஆறு வருஷம் முன்னாடி முதல் தடவை சுகர்னு சொன்ன சீட்டு இருந்தா அது தங்கம். மாத்திரையைப் பேர் சொல்லாம "வெள்ளையா சின்னதா"ன்னு சொல்றதுக்குப் பதிலா அட்டையோட ஒரு கவர்ல போட்டுக்கங்க. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்ல சொல்லி வாங்கற மாத்திரை, யாரோ குடுத்த சூரணம், லேகியம் எல்லாம் அந்தக் கவர்லயே இருக்கட்டும். இதை மறைக்கறவங்கதான் ஜாஸ்தி. வலி மாத்திரை கிட்னியை பாதிக்கும், பேர் தெரியாத பொடிகள் சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது சுகரை ஏத்தும், இது தெரியாம டாக்டர் சுகர் மருந்தை ஏத்திட்டுப் போவார்.

திட்டுவாரான்னு கேட்டீங்களே. சில பேர் திட்டுவாங்க, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட சொல்லுங்க, ஒரு வாரம் பத்தியம் இருந்ததையும் அவர்கிட்ட சொல்லிடச் சொல்லுங்க, அதுக்குத் திட்டினார்னா நீங்க அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போங்க. டெஸ்ட் எடுத்த அன்னைக்குக் காலைல எத்தனை இட்லி, எத்தனை மணிக்கு முதல் வாய்ங்கறதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ரிப்போர்ட்டோட சேத்துப் பின் பண்ணிடுங்க.